கதவில்லாத வீட்டில் ஒட்டிய நோட்டீஸ்

நான் போகாத ஒரு வீட்டுக்குப் போனதாக எழுதி, கையெழுத்துப் போட்டு, அலுவலக முத்திரையும் வைத்தேன். அதனால் ஒரு மனிதர் தம் ஓட்டை இழந்தார். அவருடைய அண்ணன் செய்யாத குற்றத்துக்காக ஊரை விட்டுப் போனார். இரண்டும் என் கையால் நடந்தவை. என்னை யாரும் மிரட்டவில்லை. எனக்கு யாரும் எதுவும் கொடுக்கவுமில்லை.

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் நல்லபடியாகச் செய்த வேலைகளும் சில உண்டு. அவற்றை எழுதினால் உங்களுக்கு என் மேல் மரியாதை வரும், வேறு பயன் இருக்காது. அதனால் இதை எழுதுகிறேன். எந்த அலுவலகம், எந்தக் கிராமம் என்று கேட்காதீர்கள். உத்திரமேரூர்ப் பக்கம் என்பது போதும். மனிதர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நான் செய்ததை மாற்றவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் பகுதி அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. ஒன்றியத் தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கும் முறை அன்று இல்லை. ஊர்தோறும் பஞ்சாயத்துத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள்; அந்தத் தலைவர்கள் ஒருநாள் ஒன்றிய அலுவலகத்தில் கூடி ஒன்றியத் தலைவருக்கு ஓட்டுப் போடுவார்கள். ஆகவே ஊர்த் தலைவர் என்பவர் தம் ஊருக்கென்று இருக்கும் ஒரே ஓட்டைக் கையில் வைத்திருப்பவர். அவர் இன்னார்தான், முறைப்படி தேர்வானவர்தான், கூட்டத்துக்கு முறைப்படி அழைக்கப்பட்டவர்தான் என்று அரசாங்கத்தின் சார்பில் சான்று சொல்லும் பட்டியல் ஒன்று உண்டு. அதைத் தயாரித்த எழுத்தர் நான். வயது இருபத்தாறு. பி.ஏ. படித்தவன் என்ற நினைப்பு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

கூட்ட நோட்டீசை உரியவர் கையில் சேர்ப்பதை நாங்கள் சார்வு என்போம். ஆள் இல்லாவிட்டால் அவர் வீட்டுக் கதவில் ஒட்டி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தை வாங்கி, 'கதவில் ஒட்டிச் சார்வு செய்யப்பட்டது' என்று எழுதலாம். கூட்டத்துக்கு இத்தனை நாள் முன்னால் இது முடிந்திருக்க வேண்டும் என்று கெடு உண்டு. ஒரே ஒருவருக்குச் சேராவிட்டாலும் கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டியதுதான்.

எங்கள் அலுவலகத்தில் நோட்டீஸ் கொண்டுபோகும் பியூன் ஒருவர் இருந்தார். ஒருமுறை ஒரு தலைவர் குடும்பத்தோடு திருப்பதிக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டு, அடுத்த பஸ்ஸிலேயே இவரும் திருப்பதிக்குப் போய், மொட்டை அடித்துக்கொள்ள உட்கார்ந்திருந்த தலைவரிடம், அவர் தலை பாதி மழித்திருந்தபோதே கையெழுத்து வாங்கி வந்தார். "இதுக்காகவா அவ்வளவு தூரம் போனீங்க?" என்று கேட்டேன். "பஸ் காசு ஆபீஸ் குடுக்குது, பெருமாள் தரிசனம் ஓசி. உனக்கு இன்னா சார் பேஜார்?" என்றார். நான் சொல்லப்போகும் வாரத்தில் அவர் மனைவியின் பிரசவத்துக்காக விடுப்பில் இருந்தார். அவருடைய வேலையில் ஒரு பகுதி என்னிடம் வந்தது.

நோட்டீஸ் போக வேண்டிய ஊர்த் தலைவர்களில் ஒருவரான கன்னியப்பன் இருளர். அவர் ஊரில் ஏரிக்கரையை ஒட்டி இருபது குடிசைகள். வயல் வேலை, மரம் வெட்டு, மீன்பிடிப்பு என்று கிடைத்ததைச் செய்து வாழ்ந்த ஜனங்கள். அந்த ஊரில் இரண்டு பெரிய குடும்பங்கள் தலைவர் பதவிக்கு மோதிக்கொண்டன. எதிராளியின் ஓட்டைப் பிரிப்பதற்காக ஒரு குடும்பம் கன்னியப்பனை நிறுத்தியது. அவர் இரண்டு பக்க ஓட்டையும் பிரித்துத் தாமே ஜெயித்துவிட்டார். நிறுத்தியவர்கள் ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை என்று சொல்வார்கள்.

தேர்வுச் சான்றிதழ் வாங்க அவர் தம் அண்ணன் ஏழுமலையோடு அலுவலகத்துக்கு வந்தார். கைநாட்டு வாங்கிக்கொண்டு காகிதத்தைக் கொடுத்தேன்.

"இதுல இன்னா போட்டுக் கீது சாமி?"

படித்துக் காட்டினேன். "எம் பேரு எங்க கீது?" என்றார். காட்டினேன். விரலை எழுத்துக்குக் கீழே, தாளில் படாமல் பிடித்துக்கொண்டார்.

"தொட்டுப் பாருடா, கடிக்காது" என்றார் ஏழுமலை.

"கவுருமெண்டே சொல்லுதுண்ணா, நான் தலைவருன்னு."

"கவுருமெண்டு சொல்லும். உம் பொண்டாட்டி சொல்லட்டும், அப்ப நம்பறேன்."

முத்திரையைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார். "இது இருந்தா யாரும் மாத்திச் சொல்ல முடியாது" என்றேன். என் வாயால் நான் சொன்னது இது.

ஒன்றியத் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் போட்டியிட்டார்கள். ஒருவர் அரிசி மில் முதலாளி. இன்னொருவர் ஐம்பது வயது விவசாயி, ரெட்டியார் என்று கூப்பிடுவார்கள். தலைவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய பாதிப் பாதியாக நின்றார்கள். அதனால் ரெட்டியார் கன்னியப்பனின் குடிசைக்கே போய், கவிழ்த்துப் போட்ட உரலின் மேல் உட்கார்ந்து பேசினார். அந்தக் குடியிருப்பில் நல்ல தண்ணீர் கிடையாது. பெண்கள் ஏரிக்குள் ஊற்றுத் தோண்டி அகப்பையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். "உன் ஓட்டு எனக்கு, என் முதல் வேலை உங்க கெணறு" என்றாராம் ரெட்டியார். அந்த ஜனங்களிடம் பெரிய ஆள் ஒருவர் வந்து பேரம் பேசியது அதுதான் முதல் தடவை. கன்னியப்பனிடம் இருந்தது ஒரு ஓட்டு. அதற்கு இருபது குடிசைகளும் ஒரு கிணற்றை எதிர்பார்த்தன.

கூட்டத் தேதி முடிவாவதற்கு முன்பே கன்னியப்பன் கடற்கரைப் பக்கம் சவுக்குத் தோப்பு வெட்டுக்குப் போய்விட்டார். தலைவர் ஆனாலும் அடுப்பு எரிய வேண்டுமே. மில் முதலாளியின் ஆட்கள் அவரைத் தேடினார்கள்; எங்காவது கூட்டிக்கொண்டு போய் அடைத்து வைத்துவிடுவார்கள் என்ற பயம் அண்ணனுக்கு. அதனால் தம்பி இருக்கும் தோப்பை ஏழுமலை யாருக்கும் சொல்லவில்லை, ரெட்டியார் ஆளுக்குக்கூட. என்னிடம் மட்டும் வந்தார்.

"சாமி, ஆபீஸ் காயிதம் வந்தா அவன் வூட்டாண்ட குடுத்துட்டுப் போங்க. நான் அங்கியேதான் கீறேன். காயிதம் வந்த அன்னிக்கே போயி இட்டுக்கினு வந்துருவேன். வேற எவன் இன்னா சொன்னாலும் நவுர மாட்டேன்."

"சரி, வரேன்" என்றேன்.

கெடுவின் கடைசி நாள்வரை கன்னியப்பனின் நோட்டீசைத் தள்ளிப் போட்டேன். மற்றவர்கள் வீடு சாலையோரம் இருந்தது. இது உள்ளே தள்ளி இருந்தது. கடைசி நாள் காலையிலிருந்து மழை. பஸ்ஸில் போய் இறங்கி, ஓடையின் தரைப்பாலம் வரை நடந்தேன். பாலத்தின் மேல் தண்ணீர் முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புல்லுக்கட்டைத் தலையில் வைத்திருந்த ஒரு பெண், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னைத் தாண்டித் தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போனார். நடுவில் திரும்பி, "வாங்களேன் சார், தண்ணி இழுக்கல" என்றார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. திரும்பி நடந்து பஸ் ஏறினேன்.

அலுவலகத்தின் எதிரில் ஒரு டீக்கடை. டீ போடுபவரிடமும் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவரிடமும் காகிதத்தை நீட்டினேன்.

"எத்தினி கையெழுத்து சார்?" என்றார் டீக்கடைக்காரர்.

"ஆளுக்கு ஒண்ணு போதும்."

"இன்னாத்துக்கு?"

"சாட்சிக்கு."

"நான் இன்னா பாத்தேன்னு நீ சொல்லிட்டீன்னா, யாராவது கேட்டாச் சொல்லுவேன்" என்றார் சைக்கிள் கடைக்காரர். டீக்கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். இருவரும் போட்டார்கள். மேலே நான் எழுதினேன்: உரியவர் வீட்டில் இல்லாததால், பிற்பகல் மூன்றரை மணிக்கு, கீழ்க்கண்ட சாட்சிகள் முன்னிலையில் வீட்டுக் கதவில் ஒட்டிச் சார்வு செய்யப்பட்டது. எழுதும்போது பிற்பகல் மூன்றரைகூட ஆகவில்லை. நோட்டீஸ் நனையாமல் என் பைக்குள் இருந்தது.

வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேட்பீர்கள். மேலதிகாரியிடம் போய், ஒருவருக்குச் சேரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் திட்டியிருப்பார். கூட்டம் பத்து நாள் தள்ளிப் போயிருக்கும். அவ்வளவுதான். பிற்காலத்தில் இதைவிடப் பெரிய நெருக்கடிகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் உண்மையைச் சொல்வதற்கு ஆகும் செலவு ஒரு திட்டும் பத்து நாளும்தான். அந்த நேரத்தில் அது மலையாகத் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் இன்னொன்றும் உண்டு. அது ஒரு பெரிய மனிதரின் வீடாக இருந்திருந்தால் நான் ஓடையைத் தாண்டியிருப்பேன். இதை நான் ஒப்புக்கொள்ள வெகு காலமாயிற்று.

இரண்டு நாள் கழித்து ரெட்டியார் வந்தார்.

"தம்பி, கன்னியப்பனுக்கு நோட்டீஸ் போயிடுச்சா?"

"போயிடுச்சுங்க."

"கையில குடுத்தீங்களா?"

"வீட்டில ஒட்டியாச்சு. அண்ணன் அங்கதான் இருக்காரு."

"அப்ப செரி. ஏழுமலை கெட்டிக்காரன், இட்டுக்கினு வந்துருவான்." நிம்மதியாகப் போனார். அப்போதுகூட ஒரு வழி இருந்தது. கெடு தாண்டிவிட்டது, ஆனால் ஆளைக் கூப்பிட்டு வர நாள் இருந்தது. அவரிடம் உண்மையைச் சொல்லி நோட்டீசைக் கொடுத்திருந்தால், ஏழுமலையிடம் அதைக் காட்ட அவரே ஆள் அனுப்பியிருப்பார். சொன்னால் நான் எழுதியது பொய் என்று ஆகிவிடும். ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்ததைச் சொன்னேன்.

கூட்டத்தன்று ரெட்டியார் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அதிகாரி பட்டியலைப் படித்தார். கன்னியப்பன் பெயர் வந்தபோது பதில் இல்லை. "சார்வு ஆயிருக்கா?" என்று என்னைக் கேட்டார். "ஆயிருக்கு சார்" என்றேன். ஓட்டெடுப்பு நடந்தது. இருவருக்கும் சமம். சீட்டுப் போட்டு எடுத்தார்கள். மில் முதலாளி பெயர் வந்தது.

வெளியே வந்த ரெட்டியார் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது: "காயிதம் போயி சேந்துருக்கு. ஏழுமலை தம்பியக் கூப்புடல. எவ்ளோ வாங்கினானோ."

ஐந்தாறு நாள் கழித்து அண்ணனும் தம்பியும் வந்தார்கள். கன்னியப்பனின் கைகளில் சவுக்குப் பிசின் கறுப்பாக ஒட்டியிருந்தது. ஊருக்குத் திரும்பியபோதுதான் எல்லாம் முடிந்துவிட்டது தெரிந்திருக்கிறது. குடியிருப்பில் எல்லோரும் ஏழுமலையை வைது தீர்த்திருக்கிறார்கள். காகிதமே வரவில்லை என்று அவர் சத்தியம் செய்திருக்கிறார். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்திருந்தார்கள்.

பதிவேட்டை எடுத்துப் படித்தேன். 'வீட்டுக் கதவில் ஒட்டி' என்ற இடத்தில் கன்னியப்பன் நிறுத்தினார்.

"சாமி, எங்க வூட்டுல கதவே கெடையாதே. எந்தக் கதவுல ஒட்டுனீங்க?"

நான் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. வாசலில் சாக்குப் படுதாதான் தொங்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அறையில் மேலாளர் இருந்தார், இன்னும் மூன்று எழுத்தர்கள் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது.

"பக்கத்துத் தட்டியில ஒட்டினேன். மழை பெஞ்சுது. யாராவது எடுத்திருப்பாங்க."

யாராவது என்று சொல்லும்போது என் பார்வை ஏழுமலை பக்கம் போயிருக்க வேண்டும். கன்னியப்பனும் திரும்பி அவரைப் பார்த்தார்.

"நீ அங்கியேதான் இருந்தேன்னு சொன்னியே."

"இருந்தன்டா. யாரும் வரல. சத்தியமா வரலடா."

"இவுரு பொய்யா சொல்றாரு? முத்திர போட்டு எழுதிக் கீது."

"முத்திர போட்டா? நான் உங் கூடப் பொறந்தவன்டா."

கன்னியப்பன் என்னைக் கும்பிட்டுவிட்டு முன்னால் நடந்தார். ஏழுமலை ஒரு நிமிடம் நின்று என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நானே ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருந்தவர் போல நின்றார். நான் பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தேன்.

அந்த மாதத்திலேயே ஏழுமலை மனைவியோடு ஊரை விட்டுப் போய்விட்டார். கன்னியப்பன் பதவிக்காலம் முடியும்வரை கூட்டங்களுக்கு வந்தார். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, கைநாட்டு வைத்துவிட்டுப் போவார். ஒவ்வொரு முறையும் என் மேசையருகில் நின்று "வணக்கம் சாமி" என்பார். மற்ற எவருடைய வணக்கமும் எனக்கு அவ்வளவு பாரமாக இருந்ததில்லை. மில் முதலாளி மோசமானவர் அல்ல. தமக்கு ஓட்டுப் போட்ட ஊர்களுக்கு வேலை செய்தார். இவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

பிறகு வெகு காலம் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. நான் பதவி உயர்வு பெற்று, வேறு வேறு ஒன்றியங்களில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். எண்பதுகளின் நடுவில் மீண்டும் தேர்தல் அறிவித்தார்கள். புதிய ஊழியர்களுக்கு நோட்டீஸ் சார்வு பற்றிப் பாடம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு பெண் ஊழியர் எழுந்து, "குடிசையில கதவு இல்லாட்டி எங்க சார் ஒட்டறது?" என்று கேட்டார். சந்தேகத்தைத்தான் கேட்டார். நான் பதில் சொல்லாமல் நின்றேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு யாரோ டம்ளரை நீட்டினார்கள். வகுப்பை அத்தோடு முடித்துக்கொண்டேன்.

அன்றே ஒரு வாக்குமூலம் எழுதினேன். நடந்ததை எல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் எழுதி, மேலதிகாரியிடம் கொடுத்தேன். அவர் என்னைவிட வயதில் இளையவர். இரண்டு தடவை படித்தார்.

"அந்தக் கோப்பை எப்பவோ அழிச்சாச்சு சார். இதை எதோட சேர்க்கறது?"

"எதோடயும் சேர்க்க வேண்டாம். நடவடிக்கை எடுங்க."

"யார் புகார் கொடுத்திருக்காங்க? தேர்தல் நேரம். நீங்க போய் வேலையைப் பாருங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மாவட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான அட்டை மட்டும் வந்தது. எனக்குத் தண்டனை என்று எதுவும் கிடைக்கவில்லை. முழு ஓய்வூதியம் வாங்குகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னியப்பனைத் தேடிப் போனேன். அந்தக் குடியிருப்புக்குள் நான் கால் வைத்தது அன்றுதான் முதல் முறை. அவருக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. மீன் கூடையைப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தார். எழுந்து, "வா சாமி, குந்து" என்றார். நின்றுகொண்டே சொன்னேன்.

அவர் கை நின்றது. "தட்டியில ஒட்டுனேன்னு சொன்னியே."

"பொய்."

"ஓட தாண்டவே இல்லியா?"

"தாண்டல."

கூடையைத் தரையில் வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"நடுவுல எங்கம்மா செத்துப் போச்சு" என்றார். "அண்ணனுக்கு நான் சேதி சொல்லி உடல. அவன் வரக்கூடாதுன்னு. எல்லாரும் சொன்னாங்க, சொல்லி உடுடா, பெரியவன் அவன்னு. கெணத்த வித்துத் தின்னவன் எங்கம்மா மேல மண்ணு போட வோணாம்னு சொல்லிட்டேன்."

அதுவரை என் கணக்கில் ஒரு ஓட்டும், ஒரு கிணறும், ஒருவர் ஊரை விட்டுப் போனதும்தான் இருந்தன.

"எங்க இருக்காரு இப்ப?"

"தாமல்ல. ஏரி மீனுக்குக் காவலு." துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். "நீயும் வா. நானாப் போயிச் சொன்னா நம்ப மாட்டான். ஏன் நம்பணும்?" அதற்குப் பிறகு அவர் என்னைச் சாமி என்று கூப்பிடவில்லை.

பின்னால் நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடியிருப்பின் ஜனங்களைக் கூட்டி அவர்கள் முன்னாலும் சொன்னேன். ஒரு கிழவி, "அப்ப ஏழுமல வாங்கலியா?" என்று மூன்று தடவை கேட்டார். சிலர் நம்பினார்கள். ஒருவர், "அன்னிக்குப் பொய் எழுதுன ஆளு. இன்னிக்கு ஏழுமலகிட்ட வாங்கிக்கினு சொல்றாரோ இன்னாவோ" என்றார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏழுமலை அங்கே குடிவரவில்லை. கிணறு கடைசிவரை வெட்டப்படவில்லை. வேறு திட்டத்தில் ஒரு கைப்பம்பு வந்தது. அதில் என் பங்கு எதுவும் இல்லை.

அந்த ஞாயிறு மதியமே, காஞ்சிபுரத்துக்கு அப்பால் தாமல் ஏரிக்கரையில் ஏழுமலையைப் பார்த்தோம். வலையை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் நிமிர்ந்தார். என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். ஆனாலும் நான் முழுவதையும் சொன்னேன். மழை, தரைப்பாலம், டீக்கடை, தட்டி, எல்லாம். நான் முடித்தபின் அவர் தம்பியிடம்தான் பேசினார்.

"நான் அன்னிக்கே சொன்னன்ல?"

"சொன்ன."

"நீ நம்பல."

"இல்லண்ணா."

வலையின் ஒரு மூலை காற்றில் மடங்கியது. கன்னியப்பன் குனிந்து அதைச் சரிசெய்தார்.

"அம்மா போன சேதி எனக்கு மூணு மாசம் கழிச்சித்தான் தெரியும்" என்றார் ஏழுமலை. "காஞ்சிபுரத்துல, பழ வண்டிக்காரன் சொன்னான். எங்கம்மா செத்தத எனக்குப் பழ வண்டிக்காரன் சொன்னான்."

கன்னியப்பன் அழுதார். ஏழுமலை அழவும் இல்லை, தேற்றவும் இல்லை. அழுது முடிக்கும்வரை ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்:

"எங்க வெச்சீங்க?"

"கன்னியம்மா கோயிலுக்குப் பின்னால. மேட்டுல."

"கல்லு நட்டியா?"

"நட்டுக் கீது."

"வா, காட்டு."

வலையைச் சுருட்டி ஒரு குடிசைக்குள் போட்டுவிட்டுக் கிளம்பினார். நானும் பின்னால் நடந்தேன். காஞ்சிபுரத்தில் உத்திரமேரூர் பஸ் மாறினோம். அவர்கள் இருவரும் ஒரு சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் அடுத்த சீட்டில் இருந்தேன். பஸ் குலுங்கும்போது இருவர் தோளும் இடித்துக்கொண்டன; இருவரும் விலகவில்லை. கண்டக்டர் வந்தார். மூன்று பேருக்கும் டிக்கெட் வாங்கிவிடலாம் என்று நான் பையில் கைவிட்டேன். அதற்குள் ஏழுமலை மடியிலிருந்து காசை எடுத்து நீட்டிவிட்டார்.

"எத்தினி?" என்றார் கண்டக்டர், எங்கள் மூவரையும் பார்த்து.

"ரெண்டு" என்றார் ஏழுமலை. "எனக்கும் எந் தம்பிக்கும்."

நான் எனக்கு ஒன்று வாங்கிக்கொண்டேன்.